கருத்த நகம், பேர்ந்த நகம், சீழ் வைத்த நகம்: மலையிலும் வயலிலும் நடக்கிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

திருக்குறுங்குடியில் மலை நம்பியைக் கும்பிட ஏறும்போது கால் நகத்தைப் பற்றி யாருக்கும் நினைப்பே வராது. இறங்கும்போதுதான் வரும். ஏற்றத்தில் பாரம் குதிகால் பக்கம் விழுகிறது. இறக்கத்தில் பாதம் ஷூவுக்குள் முன்னால் வழுக்கி, ஒவ்வொரு அடிக்கும் பெருவிரல் நகம் ஷூவின் மூக்கில் போய் முட்டுகிறது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன முட்டு. அடிவாரத்தில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினால் நகத்துக்கு அடியில் நாவல்பழ நிறத்தில் ரத்தம் கட்டியிருக்கும்.

பத்து வருஷத்துக்கு மேலாக இந்த மலைகளில் நடக்கிறேன். இதுவரை மூன்று நகம் போய், மூன்றும் திரும்ப வளர்ந்துவிட்டன. கூட வருகிறவர்களின் கால்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அடிபட்ட நகம் பெரும்பாலும் தானாகவே தேறிவிடும். தேறாமல் இழுத்துக்கொண்டு போனதெல்லாம், உள்ளே இருப்பது ரத்தமா, சீழா, பூஞ்சையா என்று பார்க்காமலே கையில் கிடைத்ததை வைத்துக் கட்டிய நகங்கள்தான். அதனால் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் முதல் வேலை. மருந்தெல்லாம் அதற்கு அப்புறம்.

நகம் வளரும் கணக்கு

கால் பெருவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 1.6 மில்லிமீட்டர்தான் வளரும். கைவிரல் நகம் அதைப்போல இரண்டு மடங்கு வேகம். முழு நகமும் போனால் திரும்ப முழுசாக வர 12 முதல் 18 மாதம் பிடிக்கும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு நடந்துபோய் நகத்தை இழந்துவிட்டு வந்தால், அடுத்த ஆடி அமாவாசைக்கும் புது நகம் பெரும்பாலும் விரல்நுனியைத் தொட்டிருக்காது. பத்து நாளில் சரியாகவில்லையே என்று மருந்தை மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நகம் முளைப்பது தோலுக்குள் மறைந்திருக்கும் நகவேரிலிருந்து. வேர் நன்றாக இருந்தால் நகம் பழையபடி வரும். வேர் கிழிந்தால் வரப்போகும் நகம் கோணலாகவோ நடுவில் பிளந்தோ வரும். இதனால்தான், பாதி பேர்ந்து தொங்குகிற நகத்தை வெடுக்கென்று பிடுங்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பிடுங்கும்போது வேரும் சேர்ந்து கிழியலாம்.

கல் தட்டிய முதல் ஒரு மணி நேரம்

செருப்புக் காலோடு நடக்கும்போது மரவேர் தட்டிவிட்டது, அல்லது வெறுங்காலில் கல் தட்டி நகம் பாதி பேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் உட்காருங்கள். சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்க வேண்டாம், பார்த்தால் உறைந்த ரத்தம் மறுபடி உடையும். காலைத் தூக்கி ஒரு பாறைமேல் வைத்தால் விண்விண்ணென்று தெறிப்பது கொஞ்சம் அடங்கும்.

அடுத்து கழுவுவது. பக்கத்திலேயே ஓடை ஓடும், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அதிலேயே காலை விடத் தோன்றும். திறந்த காயத்தை அதில் கழுவ வேண்டாம். மேலே ஆடும் மாடும் காட்டு மிருகமும் இறங்கிய தண்ணீர் அது. குடிக்கக் கொண்டுபோன பாட்டிலின் மூடியில் ஊக்கால் ஒரு ஓட்டை போட்டுப் பிதுக்கினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், நகத்துக்கு அடியில் போன மண்ணும் வெளியே வந்துவிடும். அரை லிட்டராவது செலவழியுங்கள். காயத்தில் மண் தங்காமல் பார்த்துக்கொள்வது மேலே போடுகிற எந்த மருந்தையும்விட முக்கியம்.

பேர்ந்த நகத்தை அது இருந்த இடத்திலேயே படிய வையுங்கள். அடியில் இருக்கும் மெல்லிய சதைக்கு அதைவிட நல்ல மூடி வேறு கிடையாது. துணியில் மாட்டி இழுக்கிற நுனியை மட்டும் கத்தரியால் நறுக்கலாம். மேலே போவிடோன் அயோடின் கொஞ்சம், அதன்மேல் வாசலின் தடவிய காஸ் துணி, அதற்கு மேல் பிளாஸ்திரி. வாசலினை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் கட்டினால் மறுநாள் கட்டைப் பிரிக்கும்போது ஒட்டிப்போன துணி ஆறத் தொடங்கிய சதையையும் பிய்த்துக்கொண்டு வரும். நகம் முழுசாகவே போய்விட்டாலும் இதே கட்டுதான். தினமும் ஒரு முறை மாற்றினால், ஒரு வாரம் பத்து நாளில் அந்த இடம் வறண்டு கெட்டிப்படும்.

விரல் கோணிப்போயிருந்தாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ, நகத்துக்கு அடியில் சதை ஆழமாகப் பிளந்திருந்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எலும்பு முறிவோடு மேலே காயமும் இருந்தால் கிருமி எலும்பு வரைக்கும் போகலாம், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. டெட்டனஸ் வராமல் போடுகிற டிடி ஊசிக் கணக்கையும் அப்போதே பாருங்கள். மண்ணும் சாணமும் பட்ட காயம் என்றால், கடைசியாகப் போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் போட்டுக்கொள்வது நல்லது. உடைமுள் காட்டில் முள் குத்தியதற்கும் இதே கணக்குதான்.

ரத்தம் கட்டிக் கருத்த நகம்

கருத்திருக்கிறது, ஆனால் பெரிதாக வலி இல்லை என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலையோ துணியில் சுற்றிய ஐஸையோ 10 நிமிடம் வைத்தால் போதும். கருப்பு மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து வெளியேறும். சிலருக்குப் பழைய நகம் ஒருநாள் தானாகக் கழன்று விழும், அதற்குள் அடியில் புதியது பாதி வந்திருக்கும்.

இரவு தூங்க முடியாத அளவுக்குத் தெறித்தால் கதை வேறு. கெட்டியான நகத்துக்கும் எலும்புக்கும் நடுவில் ரத்தம் போக இடமில்லாமல் அழுத்துகிறது. டாக்டர் நகத்தில் சின்ன ஓட்டை போட்டு அதை வெளியேற்றுவார். எனக்கு ஒரு முறை செய்தார்கள். ஊசி முனையை நகத்தின்மேல் வைத்து, திருகாணியைத் திருகுவதுபோல இரண்டு விரலுக்கு நடுவில் மெதுவாக உருட்டிக்கொண்டே இருந்தார். நகத்துக்கு உணர்ச்சி இல்லை என்பதால் அந்த உருட்டல் வலிக்கவில்லை. திடீரென்று கறுஞ்சிவப்பாக ஒரு சொட்டு மேலே எழும்பியது, பின்னாலேயே இன்னும் நாலைந்து சொட்டு. முந்தைய ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடாத வலி அந்த நிமிடமே போய்விட்டது.

இதை முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் செய்தால்தான் பலன். அதற்குப் பிறகு ரத்தம் உறைந்துவிடும், ஓட்டை போட்டாலும் வராது. ஊக்கைத் தீயில் காட்டி வீட்டிலேயே குத்துகிற வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கொஞ்சம் ஆழமாகப் போனால் அடிச்சதையில் இறங்கிவிடும், அதுவரைக்கும் மூடிக்கிடந்த சுத்தமான ரத்தத்துக்குள் கிருமிக்கு நாமே வாசல் திறந்துவிட்ட மாதிரி ஆகும்.

எல்லாக் கருப்பும் ரத்தம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். பாப் மார்லியின் கால் பெருவிரலில் இருந்ததை முதலில் பந்து விளையாடி அடிபட்டது என்றுதான் நினைத்தார்கள். 1977-ல் அது மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் என்று தெரிந்தது, 1981-ல் 36 வயதில் இறந்துபோனார். வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நகத்தை போனில் படம் எடுத்து வையுங்கள், படத்திலேயே தேதி இருக்கும். இரண்டு மாதம் கழித்து அதே கோணத்தில் இன்னொன்று எடுங்கள். ரத்தக்கட்டு என்றால் கருப்புக்கும் நகம் முளைக்கும் பக்கத்துத் தோலுக்கும் நடுவில் சுமார் 3 மில்லிமீட்டர் புது நகம் வெளுப்பாகத் தெரியும். கருப்பு நகராமல் வேரிலிருந்தே கோடாக ஓடினாலோ, கோடு அகலமாகிக்கொண்டே வந்தாலோ, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கருப்பு பரவினாலோ தோல் டாக்டரிடம் காட்டுங்கள். நம்மைப் போல மாநிறமும் கறுப்புமான தோல்காரர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கருங்கோடு இயல்பாகவே இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு நகத்தில், அடிபடாமலே, புதிதாக வந்த கோடுதான் சந்தேகத்துக்குரியது.

சீழ்: நகச்சுத்தும் சதைக்குள் இறங்கிய நகமும்

நகக்கண் சிவந்து வீங்கி, தொட்டால் சுடுகிறது, தெறிக்கிறது என்றால் நகச்சுத்து. எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழத்தில் குழி பண்ணி விரலில் சொருகுவார்கள், இல்லாவிட்டால் மருதாணியை அரைத்து அப்புவார்கள். இரண்டையும் அன்போடு செய்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெடித்த தோலில் எலுமிச்சைச் சாறு எரிச்சலைத்தான் கூட்டும். மருதாணி சிவப்பு ஏறிவிட்டால் தோலின் சிவப்பு பரவுகிறதா குறைகிறதா என்று பார்க்கவே முடியாமல் போகும். நம்மை எச்சரிக்கிற அடையாளமே அந்தச் சிவப்புதான்.

அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். கை பொறுக்கும் சூட்டில் அரை லிட்டர் தண்ணீர், அதில் ஒரு தேக்கரண்டி கல்லுப்பு. 15 நிமிடம் காலை வைக்க வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. எடுத்தவுடன் துடைத்து நன்றாக உலர விடுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் அமுங்கிவிடும். மஞ்சளாகச் சீழ் கோர்த்துவிட்டால் டாக்டர் கீறி வெளியேற்றுவதே சரியான வைத்தியம். மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதால் தேங்கிய சீழ் எங்கேயும் போகாது.

ஒரே ஓரத்தில் திரும்பத் திரும்பச் சீழ் வைத்தால் நகம் சதைக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். நகத்தை மூலையில் வளைத்து ஒட்ட வெட்டுவதும், முன்பக்கம் ஒடுங்கிய ஷூவும்தான் முக்கியக் காரணங்கள். உப்புத் தண்ணீரில் ஊறி இளகிய நேரத்தில், நகத்தின் ஓரத்தை மெதுவாகத் தூக்கி அடியில் ஒரு நூலளவு பஞ்சைச் சொருகி வையுங்கள். தினமும் பஞ்சை மாற்ற வேண்டும். நகம் சதையைத் தாண்டி வெளியே வரும்வரை பொறுமை தேவை. ஓரத்தை பிளேடால் தோண்டி எடுத்தால் அன்றைக்குச் சுகமாக இருக்கும், உள்ளே விட்டுப்போன சிலாம்பு அடுத்த மாதம் இன்னும் ஆழமாகக் குத்தும். நகத்தின் பக்கத்தில் சதை சிவப்பாகத் திரண்டு வளர்ந்துவிட்டால் பஞ்செல்லாம் போதாது. மரத்துப்போக ஊசி போட்டு, அந்த ஓரத்தை மட்டும் நீளவாக்கில் எடுத்து, அங்குள்ள நகவேரை பீனால் என்னும் ரசாயனத்தால் தொட்டு வளராமல் செய்வார்கள். சில வாரம் நீர் கசியும். அப்புறம் அந்தத் தொல்லை அநேகமாகத் திரும்பி வராது. இந்தச் சிகிச்சைக்குப் பயந்து இரண்டு வருஷம் கெந்திக் கெந்தி நடந்த நண்பர் ஒருவர், முன்னாலேயே செய்திருக்கலாமே என்று இன்றைக்கும் சொல்வார்.

சிவப்பு விரலைத் தாண்டிப் பாதத்துக்கு ஏறுவது, காலில் செங்கோடு ஓடுவது, காய்ச்சல், தொடையிடுக்கில் நெறிகட்டுவது, கெட்ட வாடை, தோல் கருத்துப்போவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சுகர் இருந்தால்

அம்பாசமுத்திரம் பக்கம் மாமாவுக்கு வயல். பிசான நடவு நேரத்தில் போயிருந்தேன். வரப்பில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தவரின் பெருவிரலைப் பார்த்தால், நகத்தின் ஓரம் ஈரமாக வெளுத்து, அடியில் சாம்பல் நிறத்தில் சதை. பக்கத்தில் குனிந்தபோது வாடை அடித்தது.

“எத்தனை நாளா மாமா இப்படி இருக்கு?”

“அது ஒரு வாரம் இருக்கும் மருமவனே. வலியே இல்லய்யா. வலிச்சாத்தான ஆஸ்பத்திரிக்குப் போவணும்?”

“வலிக்காததுதான் மாமா பயமா இருக்கு. வண்டியில ஏறுங்க.”

சுகர் பல வருஷம் இருந்தால் பாதத்து நரம்பு உணர்ச்சியை இழக்கும், ரத்த ஓட்டமும் குறையும். முள் குத்தினாலும் தெரியாது, அழுகினாலும் தெரியாது. மாமாவுக்குச் செத்த சதையை எடுத்து, சுகரைக் கட்டுப்படுத்தி, பல வாரம் கட்டுப் போட்டு விரலைக் காப்பாற்றினார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே சுகர் உள்ளவர்கள் மேலே சொன்ன வீட்டு வைத்தியம் எதையும் செய்ய வேண்டாம். குறிப்பாக வெந்நீர் கூடவே கூடாது, சூடு தெரியாமல் கால் வெந்துபோகும். நகத்தில் நிறம் மாறிய முதல் நாளே டாக்டர். தினமும் இரவு படுக்கும் முன் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் நீங்கள் பாருங்கள்.

சொத்தை நகம்

மஞ்சளாகி, தடித்து, ஓரம் மாவு மாதிரி உதிர்ந்தால் பூஞ்சை என்று நினைக்கிறோம். ஆனால் அப்படித் தெரியும் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் உண்மையில் பூஞ்சை. வருஷக்கணக்கில் ஷூவில் முட்டிய நகமும் இதே போலத் தடித்து மஞ்சளாகும், சொரியாசிஸ் என்னும் தோல் நோயும் இப்படிக் காட்டும். நானும் ஒரு முறை ஏமாந்தேன். ஒரு மருந்துக் கடையில் கொடுத்த கிரீமை எட்டு மாதம் தடவினேன். பிறகு நகத் துண்டை வெட்டிச் சோதித்ததில் பூஞ்சையே இல்லை. ஷூவை மாற்றிய பிறகு நகம் தானாகத் தெளிந்தது.

அதனால் மருந்துக்கு முன்னால் சோதனை. நகத்துண்டைச் சுரண்டி எடுத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சின்னச் சோதனைதான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கே போகலாம்.

பூஞ்சை என்று உறுதியானால் பெரியவர்களுக்கு வழக்கமான மருந்து டெர்பினாபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று, 12 வாரம். ஈரலைப் பாதிக்கக்கூடியது என்பதால் ரத்தச் சோதனை செய்துவிட்டு டாக்டர் சொன்னபிறகுதான் தொடங்க வேண்டும். கொஞ்சமாக இருந்தால் அமோரோல்பின் போன்ற நகப்பூச்சு போதும், ஆனால் வாரம் தவறாமல் ஒரு வருஷம் வரைக்கும் பூச வேண்டியிருக்கும். மாத்திரை முடிந்த அன்றைக்கே நகம் அழகாகிவிடாது. பூஞ்சை செத்தாலும் கெட்டுப்போன நகம் வளர்ந்து வெளியேற அதே 12 முதல் 18 மாதம்தான்.

பூஞ்சை பெரும்பாலும் விரலிடுக்கிலிருந்துதான் நகத்துக்கு ஏறுகிறது. சேற்றுப்புண்ணை அலட்சியப்படுத்தாதீர்கள். குளோட்ரிமசோல் கிரீமை ஒரு நாளைக்கு இரண்டு வேளை, தோல் பார்வைக்குச் சரியான பிறகும் இரண்டு வாரம் தொடர்ந்து தடவ வேண்டும். கடையில் வாங்கும்போது டியூபின்மேல் குளோபெட்டசால், பெக்ளோமெத்தசோன் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், உள்ளே பூஞ்சை நன்றாகப் பரவும். இந்தக் கலப்புக் கிரீம்களால் நாடு முழுக்கப் படை தீராத நோயாகிக் கிடக்கிறது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

நகம் பச்சையாக மாறினால் அது பூஞ்சை அல்ல, ஈரத்தில் வளரும் ஒரு பாக்டீரியா. நாள் கணக்கில் நனைந்த ஷூவோடு நடப்பவர்களுக்கு வரும். தூக்கி நிற்கும் நகத்தை வெட்டிவிட்டு, ஒரு பங்கு வினிகரும் நான்கு பங்கு தண்ணீருமாகக் கலந்து தினமும் 10 நிமிடம் ஊறவைத்து, காலை உலர்வாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போய்விடும்.

இனி வராமல் இருக்க

நகத்தைக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வெட்டுங்கள். முதல் நாள் ராத்திரி வெட்டினால் ஒட்ட வெட்டிய இடத்தின் புண்ணோடு நடக்க வேண்டியிருக்கும். நேர்கோட்டில் வெட்டி, மூலை வெளியே தெரியும்படி விடுங்கள். வீட்டில் யாருக்காவது சொத்தை நகம் இருந்தால் அவருக்குத் தனி நகவெட்டி.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நடந்து பாதம் விரிந்திருக்கும். நடக்கப் போகிற சாக்ஸையே போட்டுப் பாருங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடையில் படிக்கட்டு இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள், விரல் முட்டினால் வேண்டாம். மலையில் இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று, குதிகாலைப் பின்னால் தள்ளி உட்காரவைத்து, கணுக்காலை ஒட்டிய கடைசி ஓட்டை வரைக்கும் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். இந்த ஒரு நிமிடம் எனக்கு எத்தனையோ நகத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது. குற்றாலச் சாரல் சமயத்திலும் ஐப்பசி மழையிலும் ஷூ ஒரே நாளில் காயாது. செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்குப் பச்சை உடுத்தி வெறுங்காலில் பாதயாத்திரை போகிறவர்களுக்கு இந்த ஷூ விஷயம் பொருந்தாது. நேர்ச்சையை மாற்றச் சொல்லவும் மாட்டேன். இரவில் நடந்தால் கையில் டார்ச் வேண்டும், கல் தட்டுவதெல்லாம் இருட்டில்தான். மடியில் காஸும் பிளாஸ்திரியும் சின்ன வாசலின் டப்பாவும் இருக்கட்டும். செய்துங்கநல்லூரில் ஒரு முறை, ஆழ்வார்திருநகரியில் ஒரு முறை உட்கார்ந்து பாதத்தைப் பாருங்கள். நகம் பேர்ந்த காலோடு கடலில் இறங்கினால் உப்புத்தண்ணீர் ஆற்றிவிடும் என்பார்கள். அத்தனை கூட்டம் குளிக்கிற கரையோரத் தண்ணீரையும் மணலையும் திறந்த காயத்தில் விடாதீர்கள். முருகனைத் தரிசித்துவிட்டு, காயத்தை நல்ல தண்ணீரில் கழுவிப் புதுக் கட்டுப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

திரும்ப மலையேற எப்போது போகலாம் என்று கேட்பார்கள். புது நகம் முழுசாக வரும்வரை காத்திருக்க வேண்டாம். நகம் போன இடத்தை விரலால் அழுத்தினால் வலிக்கவில்லை, நீர் கசியவில்லை, ஷூ போட்டு வீட்டு மாடிப்படியில் பத்து முறை இறங்கினாலும் உறுத்தவில்லை என்றால் போகலாம். அந்த இடத்துக்கு ஒரு சுற்று பிளாஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். பாதி வளர்ந்த நகத்தின் முனை சாக்ஸில் மாட்டாமல் இருக்கும்.